யார் வீட்டுப் பிள்ளை?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியைக் குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2010 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. கரீபியன் கடலில் ஒரே தீவை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. இரண்டுக்கும் நடுவே மால்பாஸ் என்ற எல்லைச் சாவடி. அன்று அங்கே ஒரு பேருந்து வந்து நின்றது. உள்ளே 33 குழந்தைகள். மூத்த பிள்ளைக்கு 12 வயது. கடைக்குட்டி, பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன கைக்குழந்தை. கூடவே அமெரிக்கர்கள் 10 பேர்.

அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள இரண்டு பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். பூகம்பத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காப்பாற்றிக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஹைட்டி அதிகாரிகள் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். இந்தப் பிள்ளைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம் எங்கே? அது அவர்களிடம் இல்லை. பத்துப் பேரும் கைது. பிப்ரவரி 4-ஆம் தேதி, ஆட்கடத்தல், குற்றச் சதி என்று வழக்குப் பதிவானது.

உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்றது ஒரு பக்கம். நல்லது செய்யப்போனவர்களைச் சிறையில் போட்டிருக்கிறார்களே, நன்றி கெட்ட நாடு என்றது இன்னொரு பக்கம். நான் அப்போது பள்ளியில் வேலையில் இருந்தேன். ஆசிரியர் அறையிலும் இதே பட்டிமன்றம்தான். இரண்டு பக்கமும் பத்துப் பேரைப் பற்றித்தான் பேசினார்கள். 33 பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் யார்? எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளைகள்?

அதைச் சொல்வதற்கு முன் ஹைட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். என் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கலாம், பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது ஹைட்டிக்காக ஒரு பீரியடைத் தனியாக ஒதுக்குவேன்.

அந்த நாடு பிரான்சின் அடிமைத் தோட்டமாக இருந்தது. அன்றைய பெயர் செயிண்ட் டொமிங். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா குடித்த காப்பியிலும் அதில் கலந்த சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் 1791-இல் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அடிமைகளே போராடி உருவாக்கிய நாடு என்று உலக வரலாற்றில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

அதற்குப் பிரான்ஸ் வைத்த விலையைக் கேளுங்கள். 1825-இல் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் ஈடு கொடு, அப்போதுதான் உன்னை நாடாக ஏற்போம் என்றது. இழந்த 'சொத்து' என்றால் அந்த மனிதர்களும் சேர்த்துத்தான். பிறகு 1838-இல் அது 9 கோடியாகக் குறைந்தது. கையில் பணம் இல்லாத நாடு, அந்தத் தண்டத்தைக் கட்டப் பிரெஞ்சு வங்கியிடமே கடன் வாங்கியது. கடனும் வட்டியுமாக இழுத்துக்கொண்டே போய், கடைசித் தவணை தீர்ந்தது 1947-இல். நாம் சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டு.

ஒரு நாட்டில் அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய பணம் நூறு ஆண்டுக்கு மேல் இப்படி வெளியே போனால் என்ன ஆகும்? இன்றும் ஹைட்டியில் பெரும்பாலான பள்ளிகள் தனியார் கையில், திருச்சபைகள் கையில்தான் இருக்கின்றன. கட்டணம் உண்டு. மலைக்கிராமத்துக் குடியானவன் நாலு பிள்ளைகள் பெற்றால், நாலு பேருக்கும் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2010 ஜனவரி 12, மாலை 4 மணி 53 நிமிடம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அருகே 7.0 அளவுள்ள பூகம்பம். ஜனாதிபதி மாளிகை இடிந்தது. பேராலயம் இடிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகமே தரைமட்டம் ஆனது. செத்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது அரசு சொன்ன கணக்கு. அவ்வளவு இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. எப்படிக் குறைத்துப் பார்த்தாலும், ஒரு நாட்டின் தலைநகரமே சரிந்த பேரழிவு அது.

இந்த ஐடஹோ குழுவின் தொண்டு நிறுவனம் பூகம்பத்துக்கு முன்பே, 2009 நவம்பரில் பதிவானது. டொமினிக்கன் குடியரசில் ஹைட்டிக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்பது நோக்கம். பூகம்பம் வந்ததும் இல்லம் கட்டும்வரை காத்திருக்க மனம் கேட்கவில்லை. கடற்கரை ஊரான காபரேட்டேயில் ஒரு ஹோட்டலை வாடகைக்குப் பேசினார்கள். ஹைட்டிக்குள் பேருந்தோடு போய், தெருவிலும் இடிந்த இல்லங்களிலும் இருக்கும் 100 குழந்தைகளைத் திரட்டி எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டும். இதுதான் திட்டம். குழுவில் 18, 19 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பலருக்கு ஹைட்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான்.

ஹைட்டி அரசோ பூகம்பம் நடந்த சில நாட்களிலேயே ஒரு கட்டளை போட்டிருந்தது. எந்தக் குழந்தை நாட்டை விட்டு வெளியே போனாலும் பிரதமர் கையெழுத்து வேண்டும். குழப்பத்தைப் பயன்படுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடுவார்கள் என்ற பயம். தகுந்த தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல் வரும் என்று டொமினிக்கன் தூதரக அதிகாரி ஒருவர் குழுத் தலைவியை முன்கூட்டியே எச்சரித்ததாகவும் பின்னர் செய்தி வந்தது.

இப்போது அந்த 33 பேருக்கு வருவோம். போலீஸ் அவர்களைத் தலைநகருக்கு வெளியே உள்ள எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தில் ஒப்படைத்தது. கைக்குழந்தைக்கு உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போயிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மொழியான கிரியோலில் விசாரித்தார்கள். உன் பேர் என்ன? அம்மா பேர் என்ன? வீடு எங்கே?

பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே, எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், நான் அநாதை இல்லை என்றாள். ஏதோ விடுமுறை முகாமுக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். செய்தியாளர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தபோது முழுக்கதையும் வெளியே வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் தலைநகருக்கு மேலே மலையில் உள்ள காலெபாஸ் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் நகரத்துக் குடிசைப் பகுதி. கிட்டத்தட்ட எல்லாருக்கும் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள்.

அப்படியென்றால் பிள்ளைகளைத் திருடிக்கொண்டு வந்தார்களா? அதுவும் இல்லை. காலெபாஸ் பெற்றோர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பள்ளியில் படிக்க வைப்போம், விளையாட்டுத் திடல் உண்டு, நீச்சல் குளம் உண்டு, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளூர் ஆள் மூலம் சொல்லப்பட்டது. வீடு இடிந்து, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாமல் நின்ற நேரம். சிலர் ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள், சிலர் இரண்டு மூன்றைக் கொடுத்தார்கள்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பார்களா என்று நமக்குக் கோபம் வரும். ஹைட்டியில் அதற்கு ஒரு பழைய வழக்கமே இருக்கிறது. 'ரெஸ்தாவெக்' என்பார்கள். 'கூடத் தங்குவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர். கிராமத்து ஏழைகள் தங்கள் பிள்ளையை நகரத்தில் ஒரு வீட்டில் விடுவார்கள். பிள்ளை அந்த வீட்டு வேலை செய்யும், அவர்கள் பள்ளிக்கு அனுப்புவார்கள். இது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். நடைமுறையில் பல வீடுகளில் வேலை மட்டும் மிஞ்சும், பள்ளி இருக்காது. விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமப்பதும், வீட்டுக்காரர் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் அந்தப் பிள்ளையின் வேலை. இப்படி இருக்கும் பிள்ளைகள் லட்சத்துக்கும் மேல் என்கின்றன ஆய்வுகள். நம் ஊரில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட சிறுமிகளை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

ஆக, பிள்ளையை இன்னொருவரிடம் விட்டால் படிப்பு வரும் என்பது காலெபாஸ் பெற்றோருக்குப் பழகிய நம்பிக்கை. பிள்ளை இன்னும் தன் பிள்ளைதான், படித்துவிட்டு வருவான் என்றுதான் எண்ணினார்கள். வந்தவர்கள் மனதிலோ அந்தப் பிள்ளை அப்போதே அநாதை. இரண்டு தரப்பும் ஒரே பேருந்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு ஒப்பந்தத்துக்குத் தலையாட்டியிருக்கிறது.

'அநாதை' என்ற சொல்லிலேயே ஒரு வில்லங்கம் உண்டு. நம் தமிழில் அநாதை என்றால் நாதியற்றவர், கேட்க ஆள் இல்லாதவர். ஆங்கிலத்தில் 'ஆர்ஃபன்' என்று அறிக்கைகளில் போடுவதற்கு வேறு கணக்கு. தாய் தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே யுனிசெஃப் கணக்கில் அந்தக் குழந்தை 'ஆர்ஃபன்'. அப்பா இறந்து, அம்மாவும் பாட்டியும் தாய்மாமனும் வளர்க்கும் பிள்ளையும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். 'இத்தனை கோடி அநாதைகள்' என்று துண்டறிக்கையில் படித்துவிட்டு உருகிப்போய்க் கிளம்புகிறவர், அம்மா இருக்கும் பிள்ளையைத்தான் பெரும்பாலும் சந்திக்கப்போகிறார்.

இது 2010-இல் புதிதாக நடந்த கூத்து இல்லை. லண்டனில் தாமஸ் பர்னார்டோ என்று ஒருவர் இருந்தார். 1845-இல் டப்ளினில் பிறந்தவர். சீனாவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்று லண்டன் வந்தவர், அங்கே தெருவில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். 1870-இல் ஸ்டெப்னி என்ற இடத்தில் பையன்களுக்கு இல்லம் திறந்தார். இடமில்லை என்று அனுப்பப்பட்ட ஒரு பையன் குளிரிலும் பசியிலும் செத்துப்போனதை அறிந்து, இனி ஆதரவற்ற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று முடிவெடுத்தவர். அவர் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு நா எழாது.

அதே மனிதர், ஒரு குடும்பம் பிள்ளைக்குக் கெடுதல் என்று தனக்குத் தோன்றினால், பெற்றோர் சம்மதம் இல்லாமலும் பிள்ளையை வைத்துக்கொள்வார், கடல் கடந்தும் அனுப்புவார். அதற்கு 'தரும நோக்கக் கடத்தல்' என்ற பொருளில் அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார். தாய்மார்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ஒரு தாய் தன் மகனைக் கேட்டபோது, பையன் கனடாவுக்குப் போய்விட்டான் என்ற பதில்தான் கிடைத்தது. அந்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அந்தத் தாய் உத்தமி இல்லை, பிள்ளையை மோசமாக நடத்தியவள் என்று சொல்லப்பட்டது. இருந்தாலும் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முடிவெடுக்கும் அதிகாரத்தை உமக்குக் கொடுத்தது யார்?

பர்னார்டோவின் இல்லங்கள் மட்டுமா? கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், மதச்சார்பில்லாத சங்கங்கள் என்று பல அமைப்புகள் 1869-லிருந்து நூறு ஆண்டுக்காலம் பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளைக் கப்பலேற்றின. கனடாவுக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ரொடீசியா. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, புது வாழ்க்கை என்றார்கள். பல பிள்ளைகள் பண்ணைகளில் கூலியில்லா வேலையாள் ஆனார்கள். ஆஸ்திரேலியாவின் சில இல்லங்களில் நடந்த கொடுமைகளை எழுதவே கை கூசுகிறது. உன் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர். அம்மா இங்கிலாந்தில் உயிரோடு இருந்தாள்.

1986-இல் நாட்டிங்காமில் வேலை பார்த்த மார்கரெட் ஹம்ஃப்ரீஸ் என்ற சமூகப் பணியாளருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு வயதில் கப்பலில் அனுப்பப்பட்டேன், நான் யார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார் ஒரு பெண். அந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தோண்டத் தோண்ட, நாடே மறந்திருந்த கதை மேலே வந்தது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். இந்த விஷயத்துக்காக ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2009 நவம்பர் 16. ஐடஹோவில் நம் தொண்டு நிறுவனம் பதிவான அதே மாதம். பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010 பிப்ரவரி 24. அன்று அந்த அமெரிக்கக் குழுவின் இரண்டு பெண்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் சிறையில் இருந்தார்கள். ஒரு நாடு நூறு ஆண்டுத் தவறுக்குத் தலைகுனிந்து நிற்கிறது. அதே நேரத்தில் இன்னொரு இடத்தில் அதே பாடத்தின் முதல் பக்கம் திறக்கிறது. வரலாறு படிக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

நமக்கும் இதில் ஒரு அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி கடற்கரையில் பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைத் தத்தெடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தயாரானார்கள். எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. மனம் பதறிப்போய்க் கேட்டவர்கள்தான் அதிகம். ஆனாலும் அவசரத் தத்து வேண்டாம் என்று அரசு உறுதியாக நின்றது. அரசே இல்லங்கள் திறந்தது. சித்தி, பெரியம்மா, மாமன் என்று உறவுகள் பல பிள்ளைகளை அணைத்துக்கொண்டன. இந்தோனேசியாவிலும் ஆச்சே மாகாணத்திலிருந்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பேரழிவு நடந்த முதல் வாரத்தில் பிள்ளை தனியாக நின்றால், பெற்றவர் செத்துவிட்டார் என்று பொருள் இல்லை. வேறு முகாமில் இருந்துகொண்டு அவரும் இந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கலாம். அதற்குள் பிள்ளை எல்லை தாண்டிவிட்டால் எங்கே போய்த் தேடுவார்?

இந்த அனுபவங்களெல்லாம் சேர்ந்துதான் விதிகள் ஆயின. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கை 1993-இல் வந்தது. இந்தியா 2003-இல் அதில் முழுமையாக இணைந்தது. ஹைட்டி அப்போது இணைந்திருக்கவில்லை, 2013-இல்தான் இணைந்தது. 2009 டிசம்பரில், பூகம்பத்துக்குச் சில வாரம் முன்பு, ஐ.நா. பொதுச்சபை குழந்தைப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கிறது. வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது. பேரழிவுக் காலத்தில், உயிர் காக்கும் மருத்துவம் போன்ற கட்டாயம் இல்லாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அரசாங்கத் தாள் என்றாலே நமக்கெல்லாம் சலிப்பு. ஏழைப் பிள்ளைக்கோ சில நேரம் அந்தத் தாள்தான் வேலி. 33 ஆண்டு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு பழகியவன் என்பதால் சொல்கிறேன். தந்தை பெயர், தாய் பெயர், பாதுகாவலர் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். மலைக்கிராமத்திலிருந்து விடுதியில் சேர்க்க வரும் பெற்றோருக்குப் பல நேரம் எழுதத் தெரியாது. கைநாட்டுத்தான். அந்தக் கைநாட்டு இருக்கும்வரை பிள்ளை அவர்களுடையது. பொங்கலுக்கு வந்து கேட்டால் அனுப்பித்தான் ஆக வேண்டும். படிப்பு பிடிக்கவில்லை என்று நடுவில் கூட்டிக்கொண்டு போனாலும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விடுதிக்கும் அந்தப் பேருந்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிப்ரவரி 17-இல் எட்டுப் பேரை விட்டுவிட்டார்கள். மார்ச்சில் இன்னொருவர் வெளியே வந்தார். ஆட்கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தலைவி மட்டும், முறையற்ற பயணம் ஏற்பாடு செய்தார் என்ற குற்றத்துக்கு மே 17-இல் தண்டனை பெற்றார். ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களே தண்டனை என்று அன்றே விடுதலை. இதற்கிடையில் இன்னொரு கூத்து. இந்தக் குழுவுக்குச் சட்ட ஆலோசகர் என்று டொமினிக்கன் குடியரசிலிருந்து ஒருவர் தானாக முன்வந்து செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்தால், ஆட்கடத்தல் வழக்கில் எல் சால்வடார் நாட்டுப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆள்! நல்லெண்ணத்தோடு மட்டும் கிளம்பியவர்களைச் சுற்றி யார் யார் வந்து சேர்கிறார்கள் பாருங்கள்.

பிள்ளைகள்? கிட்டத்தட்ட எல்லாரும் அந்த மார்ச் மாதத்துக்குள் தத்தம் குடும்பத்திடம் திரும்பினார்கள். அது சின்னச் செய்தியாகத்தான் வந்தது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். அவள் போகும் சபையிலிருந்து ஒரு குழு, ஏழை நாடு ஒன்றிலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு இரண்டு வாரம் சேவைக்குப் போகிறதாம். "நானும் பேர் கொடுக்கட்டுமா சார்?" என்றாள். அவளுக்கு எழுதிய பதிலைத்தான் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். கோயில் டிரஸ்ட், மசூதி கமிட்டி, ரோட்டரி, முன்னாள் மாணவர் சங்கம் என்று யார் மூலமாகப் போனாலும் இது பொருந்தும். எந்த மதத்தையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஹைட்டியில் இன்றைக்கும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துவதில் சபைகளின் பங்கு பெரியது.

அவளிடம் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன்.

ஒன்று, அந்த இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள்? கம்போடியாவில் 2011-இல் இதைக் கணக்கெடுத்தபோது, இல்லங்களில் இருந்த நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரிந்தது. வெளிநாட்டுப் பார்வையாளர்களும் அவர்கள் காசும் வர வர, இல்லங்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போயிருந்தது.

இரண்டு, உள்ளூர் அரசின் பதிவு இருக்கிறதா? பிள்ளை எப்படி வந்தது என்று ஒவ்வொருவருக்கும் கோப்பு இருக்கிறதா?

மூன்று, பெற்றோர் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்புவார்களா? கடைசியாக எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்?

நான்கு, நீ அங்கே இரண்டு வாரம் செய்யப்போகும் வேலை என்ன? மருத்துவமோ, கணக்கு எழுதுவதோ, உள்ளூர் ஆசிரியருக்குப் பயிற்சியோ என்றால் சரி. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதுதான் வேலை என்றால் யோசி. பதினாலாம் நாள் நீ விமானம் ஏறிவிடுவாய். உன் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த குழு வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் அடுத்த குழு, அதற்கும் அடுத்த குழு.

கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் சார் என்றிருக்கிறாள். நல்ல பதில் வந்தால் தாராளமாகப் போகட்டும். வராவிட்டால், அந்த விமான டிக்கெட் காசை, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க உதவும் அமைப்புக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டாலும் இதே கதைதான். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். 1098-க்கு அழையுங்கள்.

ஓர் ஆசிரியனாக என்னை விடாமல் உறுத்துவது இது. காலெபாஸ் மக்கள் வந்தவர்களிடம் வேறு அப்பா அம்மா வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். அந்த மலையிலேயே ஒரு கொட்டகை போட்டு, இரண்டு உள்ளூர் வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், அந்த 33 பிள்ளைகளில் ஒன்றுகூடப் பேருந்து ஏறியிருக்காது. அங்கே போன பத்துப் பேரில் ஒருவராவது, "பிள்ளை உங்களிடமே இருக்கட்டும், வேறு என்ன உதவி வேண்டும்?" என்று அந்தத் தாய்மார்களைக் கேட்டிருக்கலாம்.

இப்படிக் குழுவாகப் போய்வந்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். என் கருத்துக்கு மாறாக இருந்தாலும் எழுதுங்கள். குழந்தைகள் இல்லத்திலேயே வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் சொல்தான் இதில் முதல் சொல். காத்திருக்கிறேன்.